மூன்றாவது சிலிண்டரின் நோய்

வெண்டல் நைக்விஸ்ட் வீட்டு முன்னறைச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. மாட்ட வேண்டிய பொருள்தான் இன்னும் வந்து சேரவில்லை. அது வெண்கலத் தகடு. அவர் பெயரும், பெயருக்குக் கீழே ‘ஆண்டின் மிகப் பொறுப்பான விமானி’ என்ற வாசகமும் பொறித்து, சனிக்கிழமை காலை பான்கேக் விருந்தில் கொடுக்கப் போகிறார்கள்.

“கைக்கு வந்தப்புறம் ஆணி அடிச்சா ஆகாதா?” என்று மனைவி ஆர்லீன் கேட்டாள்.

“பொறுப்பானவன் எதையும் முன்கூட்டியே செஞ்சு வெப்பான். அதுக்குத்தான ஆர்லீன் விருதே.”

எல்ம் ஃபோர்க், கான்சாஸ் மாநிலத்தில் கோதுமைக்கு நடுவே இருக்கிற ஊர். ஊருக்கு ஒரு ஓடுதளம், வரிசையாகச் சில தகரக் கொட்டகைகள், அவற்றில் பெரிய கொட்டகையில் மெக்கானிக் ட்வைலா உன்ரூவின் பட்டறை, பட்டறையின் மூலையில் பஞ்சு பிதுங்கிய ஒரு சோஃபா. ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்று ஓய்வு பெற்ற வெண்டல்தான் விமானத் திடல் சங்கத்தின் தலைவர். வருஷா வருஷம் போட்டியின்றித் தேர்வாவார். வேறு யாரும் அந்த வேலையை விரும்பாததைத் தன் மேல் உள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். தலைப்பு, ‘மேக்னெட்டோவும் மனசாட்சியும்’. மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோலும் பேச்சு முடிந்த பிறகுதான் பரிமாறப்படும் என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

“ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக்” என்று ஆரம்பிப்பார். “ஒண்ணுக்கு இடது மேக்னெட்டோ தீப்பொறி கொடுக்குது, இன்னொண்ணுக்கு வலது. ஒரு மேக்னெட்டோ செத்தாலும் மத்தது நம்மள வீடு சேர்க்கும். கிளம்பறதுக்கு முன்னாடி சாவிய வலதுக்குத் திருப்பிப் பார்க்கணும், அப்புறம் இடதுக்குத் திருப்பிப் பார்க்கணும். பார்த்துட்டு என்ன செய்யணும்?”

“ரெண்டுக்கும் சேர்த்து வைக்கணும்” என்று கூட்டம் பட்டை ரோல் இருக்கும் திசையைப் பார்த்தபடியே சொல்லும்.

“வைக்க மறக்கிறவன எங்க வைக்கணும்?”

“தரையில வைக்கணும்.”

அந்தப் பதிலையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

இன்னொரு வழக்கத்தையும் அவர் உண்டாக்கியிருந்தார். எந்த விமானம் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தாலும், கழற்றிய பிளக்குகளை உடனே சுத்தம் செய்யக் கூடாது. எண் போட்ட துளைப்பலகையில், மேல் பிளக்குகளை மேல் வரிசையிலும் கீழ் பிளக்குகளைக் கீழ் வரிசையிலும் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். மாலைக் காப்பிக்கு சோஃபாக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். எவன் பெட்ரோலைக் கொட்டி ஓட்டுகிறான், எவன் இன்ஜினைச் சூடு ஏறும் முன்பே விரட்டுகிறான் என்பதையெல்லாம் கரியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ‘பிளக் பொய் சொல்லாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வெண்டல் பலகைக்கு மேலே ஒட்டியிருந்தார். பக்கத்தில், எந்த மேக்னெட்டோ எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று அவரே வரைந்த படம். இடதுக்குச் சிவப்பு, வலதுக்கு நீலம்.

செவ்வாய்க்கிழமை அவருடைய விமானத்தின் முறை. ட்வைலாவின் மேற்பார்வையில் சொந்தக்காரரே பிளக் கழற்றலாம் என்பது பட்டறை வழக்கம். அவள் உதிரி பாகம் கேட்டு அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருக்க, வெண்டல் சீட்டியடித்துக்கொண்டே எட்டு பிளக்குகளையும் கழற்றித் துளைப்பலகையில் நிறுத்தினார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். சீட்டி நின்றுவிட்டது.

நாலு பிளக் வெயிலில் காய்ந்த களிமண் நிறத்தில் அழகாக இருந்தன. நாலு பிளக் அடுப்புக்கரியில் முக்கியெடுத்தது போல, எண்ணெய்ப் பசையோடு, கன்னங்கரேலென்று இருந்தன. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கறுத்த நாலும் நீலம். ஒன்று விடாமல் நீலம்.

அதாவது வலது மேக்னெட்டோ வேலையே செய்யவில்லை. செய்யவில்லை என்றால் கெட்டுப்போய் அல்ல. கடைசிப் பறப்புக்கு முன் அவரே சோதித்தார்; நன்றாக இருந்தது. கடைசிப் பறப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை. விச்சிட்டாவிலிருந்து ஒரு பயணியை அழைத்து வந்தார். அந்தப் பயணி திருமதி லவோன் புரூயிட். விருதுக் குழுவின் தலைவி. சனிக்கிழமை விருந்து வரை எல்ம் ஃபோர்க்கில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறார்.

வெண்டலுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கிளம்பும் முன் சாவியை வலதுக்குத் திருப்பி விளக்கியது. இடதுக்குத் திருப்பி விளக்கியது. விளக்கம் அங்கே மனசாட்சியின் பக்கம் திரும்பிவிட்டது. சாவி திரும்பவில்லை. வழியெல்லாம் இன்ஜின் கொஞ்சம் சோம்பலாக இருந்ததையும், அதை எதிர்க்காற்று என்று அந்த அம்மாளுக்கு வானிலைப் பாடமாக நடத்தியதையும் நினைத்துக்கொண்டார். பாதி வழியில் அந்த அம்மாள், “மிஸ்டர் நைக்விஸ்ட், இந்தச் சாவி எப்பவும் இப்படித்தான் நிக்குமா?” என்று கேட்டார். “மேடம், இங்க இருக்கிறத நான் பார்த்துக்கறேன். நீங்க வயலப் பாருங்க” என்று இவர் சொன்னார்.

சோஃபா மாலையில் வந்து உட்காரும். டெல்பர்ட் கோயன் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியே தலை நரைத்தவன். இரைச்சலில் அவனுக்கு ஒரு காது மந்தம். அது எந்தக் காது என்பது, சொல்லப்படும் விஷயத்தைப் பொறுத்தது. கண் மட்டும் பருந்துக்கண். ஊருக்குத் தெரிந்தால் லவோன் புரூயிட்டுக்குத் தெரியும். தெரிந்தால், ஆணி ஆணியாகவே இருக்கும்.

கழுவிவிடலாமா? மணல் பீச்சிச் சுத்தம் செய்யும் மெஷின் போடுகிற சத்தத்துக்கு ஓடுதளமே திரும்பிப் பார்க்கும். தவிரவும், சுத்தம் செய்யக் கூடாது என்ற விதிக்குக் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

அப்போதுதான் யோசனை வந்தது. கீழ் பிளக் கறுப்பது சகஜம். எண்ணெய் கீழேதானே வடியும்? கறுத்த நாலும் கீழ் வரிசையில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றிலும் மூன்றிலும் கறுப்பு ஏற்கெனவே கீழேதான் இருந்தது. இரண்டிலும் நான்கிலும் மேலே. இரண்டே இடமாற்றம். இரண்டாவது சிலிண்டரின் மேல் பிளக்கைக் கீழும் கீழ் பிளக்கை மேலும் வைத்தார். நான்காவதின் மேலிருந்த கறுப்பைத் தூக்கினார். அறைக் கதவு கிறீச்சிட்டது. கீழே இருந்ததை எடுக்கப் போன கை, பதற்றத்தில் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கை எடுத்தது. மாற்றி வைத்தார்.

“ஆச்சா வெண்டல்?” ட்வைலா துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள். பலகையைப் பார்த்தாள். “அடக் கடவுளே” என்றாள்.

வெண்டலும் பார்த்தார். நான்காவது சிலிண்டரின் பிளக் இரண்டும் பளிச்சென்று இருந்தன. மூன்றாவதின் இரண்டும் கரிக்கட்டை.

“மூணாவது எண்ணெய் குடிக்குது” என்றாள் ட்வைலா. “மேலயும் கீழயும் ஒரே மாதிரி. உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலயா?”

“எதிர்க்காத்துன்னு நெனச்சேன்” என்றார் வெண்டல். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மாலையில் சோஃபா நிரம்பியது. டெல்பர்ட் மூன்றாவது துளையின் பிளக்கை எடுத்து மோந்து பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பினான், மறுபடி மோந்தான்.

“என்னய்யா வெண்டல், ஆலங்கட்டிக்குக் காப்பீடு வித்த, இதுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?”

“இன்ஜின்னா வயசாகும் டெல்பர்ட். உனக்கு ஆகல?”

“என் பிளக்கெல்லாம் சுத்தம்யா. டாக்டரே சொன்னாரு.”

சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். அவமானம் போய் நோய் வந்திருக்கிறது. நோய்க்கு யாரும் விருதைப் பிடுங்குவதில்லை என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் நோய்க்கு மருத்துவம் பார்ப்பார்கள் என்பதை அது கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் ட்வைலா சிலிண்டர்களுக்குள் காற்றை ஏற்றி, எதில் எவ்வளவு கசிகிறது என்று பார்த்தாள். மூன்றாவது சிலிண்டர் நாலிலும் திடமானதாக இருந்தது. அவள் நம்பவில்லை. மறுபடி பார்த்தாள். கேஜைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிலிண்டருக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தாள். குழந்தையின் கன்னம் போலச் சுவர்.

“கேஜ்தான் பொய் சொல்லுது” என்றாள். அடுத்த ஊர்ப் பட்டறையிலிருந்து இன்னொரு கேஜை இரவல் வாங்கி வந்தாள். அதுவும் அதையே சொன்னது. அப்புறம் ட்வைலா கேஜ்களை விட்டுவிட்டுத் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்தாள். கொட்டகையில் நடந்துகொண்டே, “போன வருஷம் நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல வெண்டல்” என்றாள்.

வெண்டலுக்குச் சுருக்கென்றது. உடனே கடைக்குப் போய், கறியும் முட்டைகோஸும் வைத்துச் சுட்ட பன் ஒரு பை நிறைய வாங்கி வந்து கொடுத்தார்.

“எதுக்கு இதெல்லாம்?”

“சும்மாதான். நீ நிறைய உழைக்கிறியேன்னு.”

உண்மை தொண்டை வரை வந்தது. பன்னின் வாசனையில் திரும்பிப் போய்விட்டது.

வியாழக்கிழமைக்குள் மூன்றாவது சிலிண்டரின் நோய் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. எரிபொருளில்தான் கோளாறு என்றார் ஒருவர். நிலவுகிற காற்றின் ஈரம் என்றார் இன்னொருவர். வெண்டலின் விமானம் எப்போதும் கொட்டகையில் மூக்கை வடக்கே வைத்து நிற்பதால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று ஒரு பாதிரியார் சொன்னதற்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். முன்பின் தெரியாத விமானிகள் வந்து இறங்கி, அந்தப் பலகையைச் சுற்றி நின்று, தலையை ஆட்டிவிட்டு, வெண்டலின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது. எல்லோரும் போன பிறகு ட்வைலா சொன்னாள்:

“திங்கக்கிழமை சிலிண்டரக் கழட்டிடறேன். வேற வழியில்ல.”

ஒரு தப்பும் செய்யாத சிலிண்டரைக் கழற்றிப் பிளக்கப் போகிறார்கள். வெண்டல் அன்றிரவு ஆணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

சனிக்கிழமை பெரிய கொட்டகையில் மேஜைகள் போட்டிருந்தார்கள். பான்கேக் புகை, காப்பி மணம், வாசலில் வரிசையாக விமானங்கள். மேடை மேல் திருமதி புரூயிட் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை சதுரமாகப் புடைத்திருந்தது. வெண்டல் அந்தப் புடைப்பின் நீள அகலத்தை ஆணியோடு பொருத்திப் பார்த்துக்கொண்டார்.

விருதுக்கு முன்னால் யாரோ, “டெல்பர்ட், அந்த மூணாவது சிலிண்டரப் பத்திச் சொல்லேன்” என்றார்கள். டெல்பர்ட் காப்பிக் கூஜாவோடு எழுந்தான்.

“இதுல மர்மமே இல்ல” என்றான். “மேக்னெட்டோங்கறது இந்தக் கூஜா மாதிரி. முதல் மேஜைக்கு ஊத்தறப்ப கெட்டியா, சூடா வரும். கடைசி மேஜைக்குப் போறப்ப என்ன மிஞ்சும்? அடிவண்டல். மூணாவது சிலிண்டர்தான் கடைசி மேஜை. அதுக்கு வர்ற பொறி ஆறிப்போன பொறி. அதான் கரி.”

“அப்ப ரெண்டு மேக்னெட்டோ எதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இடதுது கிளப்பறதுக்கு. வலதுது பறக்கறதுக்கு.”

கூட்டம் ஆகா என்றது. வெண்டல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். இத்தனை வசந்தங்களாக இதே கூட்டத்துக்கு அவர் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் ஒரு கூஜாவுக்கு முன்னால் ஆவியாகிப் போயிற்று.

திருமதி புரூயிட் முகம் மலர்ந்தார். “இவ்வளவு தெளிவா இத நான் கேட்டதே இல்ல. மிஸ்டர் கோயன், எங்க மாநில மாநாட்டுல இந்த வருஷம் நீங்கதான் மேக்னெட்டோ பத்திப் பேசணும்.”

வெண்டல் எழுந்துவிட்டார். அவமானத்தைத் தாங்கியிருப்பார். ட்வைலாவின் முகத்தைக்கூட நாலு நாள் தாங்கினார். மேக்னெட்டோவைப் பற்றி ஒருவன் தப்பாகச் சொல்லி அதற்கு மாநாட்டில் மேடை கிடைப்பது மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“கூஜாவுமில்ல, கீஜாவுமில்ல” என்றார். “முதல்ல, மூணு கடைசியே இல்ல. ஒண்ணு, மூணு, ரெண்டு, நாலு. அதுதான் பொறி போற வரிசை. மூணு ரெண்டாவது.”

“சரிய்யா, ரெண்டாவது மேஜை.”

“மேஜையே கிடையாது டெல்பர்ட். ஒவ்வொரு தடவையும் மேக்னெட்டோ புதுசாப் பொறி உண்டாக்குது. ஆறிப்போறதுக்கு அது காப்பி இல்ல. இடது, வலது ரெண்டும் பறக்கறதுக்குத்தான். ரெண்டும் சேர்ந்துதான் பறக்கணும்.” அவர் சுவரில் இருந்த படத்தின் பக்கம் போய்விட்டார். விரல் தானாக நீலக் கோடுகளில் ஓடியது. “இப்படிக் கரி எப்ப பிடிக்கும்? பொறி விழாத பிளக்லதான் பிடிக்கும். எட்டுல நாலுக்கு மட்டும் எப்ப பொறி விழாது? சாவிய ஒரு மேக்னெட்டோவுல மட்டும் விட்டுட்டுப் பறந்தா விழாது. கறுத்த நாலும் வலது மேக்னெட்டோவோடது. ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு. இதவிடச் சுத்தமான உதாரணத்த எந்தப் புத்தகத்திலயும் பார்க்க முடியாது.”

டெல்பர்ட் பலகையைப் பார்த்தான். “ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு இல்லியே. மூணுல ரெண்டு இருக்கு. நாலுல ஒண்ணுமில்ல.”

“நான் மாத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் இருந்துச்சு” என்றார் வெண்டல், பொறுமையிழந்த ஆசிரியரின் குரலில்.

பான்கேக் திருப்புகிறவர் திருப்புவதை நிறுத்தினார். ஒரு பான்கேக் கருகத் தொடங்கியது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல வெண்டல் நின்றார். விரல் இன்னும் நீலக் கோட்டின் மேல்தான் இருந்தது.

முதலில் பேசியது ட்வைலா. “என் கேஜ் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு ட்வைலா.”

“இரவல் கேஜும்.”

“அதுவும்தான்.”

“அதான் பன் வாங்கிக் குடுத்தீங்களா?”

அவர் தலையசைத்தார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “சாப்பிட்டாச்சுன்னா பட்டறை மேஜைக்கு வாங்க வெண்டல். பிளக்கெல்லாம் சுத்தம் பண்ணணும். உங்களோடது மட்டுமில்ல. இந்த வருஷம் இந்தக் கொட்டகைக்கு வர்ற அத்தனையும்.”

திருமதி புரூயிட் கைப்பையின் வாயைத் திறந்து பார்த்தார், மூடினார். “நான் கேட்டேனே மிஸ்டர் நைக்விஸ்ட்” என்றார், கோபமில்லாமல். “சாவி எப்பவும் இப்படித்தான் நிக்குமான்னு.”

“கேட்டீங்க மேடம்.”

“வயலப் பாருங்கன்னு சொன்னீங்க. வயல் நல்லாத்தான் இருந்துச்சு.”

ஏளனம் பெரிதாகக் கிளம்பும் என்று வெண்டல் எதிர்பார்த்தார். அதைவிட விசித்திரமாக ஒன்று நடந்தது. மேஜைகள் மெல்ல மெல்லக் காலியாயின. ஒருவர் எண்ணெய் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஒருவருக்குச் சக்கரத்தில் காற்று பார்க்க வேண்டியிருந்தது. பாதிரியாருக்குத் தொப்பியை விமானத்திலேயே வைத்துவிட்ட நினைவு வந்தது. தொப்பி தலையில்தான் இருந்தது. வாசலில் நின்ற ஒவ்வொரு விமானத்தின் கதவும் திறந்தது, ஒவ்வொரு கதவிலும் ஒரு முதுகு தெரிந்தது. எல்லோரும் சாவி இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாநாட்டுப் பேச்சு டெல்பர்ட்டுக்கே போயிற்று. வெண்டல் சொன்னதுதான் சரி என்று திருமதி புரூயிட் ஒப்புக்கொண்டார். ஆனால் கூஜா மனதில் நிற்கிறது என்றார். அந்த அம்மாளை விச்சிட்டாவில் கொண்டுபோய் விடும் பொறுப்பையும் டெல்பர்ட்டே ஏற்றுக்கொண்டான். இன்ஜினில் ஒரு பிளக்கும் இல்லாத விமானத்தின் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

வெண்டல் பட்டறை மேஜை முன்னால் உட்கார்ந்தார். முதல் கரிக்கட்டையை எடுத்து, ஊசியால் இடுக்கிலிருந்த ஈயக் குருணையைச் சுரண்டினார். வெளியே டெல்பர்ட்டின் மஞ்சள் விமானம் ஓடுதளத்தின் முனைக்குப் போய் நின்றது. டெல்பர்ட்டும் பக்கத்தில் மடியில் சதுரப் பையோடு அந்த அம்மாளும் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தார்கள். டெல்பர்ட்டின் ஒரு கை காற்றில் கூஜா ஊற்றிக்கொண்டிருந்தது.

இன்ஜின் உறுமியது. வெண்டலின் காது தானாக எழுந்து நின்றது. சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது: வலது. மறுபடி எழும்பியது: இரண்டும். மறுபடி தாழ்ந்தது: இடது.

எழும்பவில்லை.

வெண்டல் ஊசியோடு காத்திருந்தார். கூஜா ஊற்றிக்கொண்டேயிருந்தது. விமானம் அசைந்தது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கரி படிந்த துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு புல்வெளியில் ஓடினார். “இடதுல இருக்குய்யா” என்று கத்தினார். டெல்பர்ட் பார்த்தான். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு கையை ஆட்டினான். பிறகு மறுபடி பேச்சுக்குத் திரும்பினான்.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டு சாவியின் பக்கம் போனது. இந்த முறை அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை.

சத்தம் எழும்பியது.

மஞ்சள் விமானம் கோதுமைக்கு மேலே ஏறி மறைகிற வரை வெண்டல் துணியைப் பிடித்தபடி நின்றார். பிறகு கொட்டகைக்குத் திரும்பி நடந்தார்.

“என்னவாம்?” என்று கேட்டாள் ட்வைலா, தலையைத் தூக்காமல்.

“ஒண்ணுமில்ல” என்றார் வெண்டல், அடுத்த பிளக்கை எடுத்துக்கொண்டே. “ரெண்டும் வேலை செய்யுது.”